எக்செல், அக்சஸ் கணக்கை போனில் கொண்டுவருவது எப்படி?

சோப்பு, பிஸ்கட், ஷாம்பு பாக்கெட் விநியோகம் செய்கிற ஒரு ஏஜென்சியை எடுத்துக்கொள்வோம். இந்த மாதிரி சின்ன ஏஜென்சிகளுக்குத்தான் நான் கணினி வேலை செய்து கொடுக்கிறேன், அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்தே சொல்கிறேன். காலையில் லைன் பையன்கள் நாலு பேர் வண்டியில் கிளம்புவார்கள். கடை கடையாக ஏறி இறங்கி ஆர்டரை நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். சாயங்காலம் பில் போடுகிற அக்கா அந்தப் போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, மைக்ரோசாஃப்டின் தரவுத்தள (விவரச் சேமிப்பு) மென்பொருளான அக்சஸில் இருக்கிற பில்லிங் ஃபைலில் அடிப்பார். கடைக்காரர்களின் பாக்கி தனியாக ஒரு எக்செலில். இரவு எட்டு மணிக்கு முதலாளி வெளியூரிலிருந்து கூப்பிட்டு, "அந்த பஸ் ஸ்டாண்ட் கடைக்காரர் எவ்வளவு தரணும்?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை, ஆபீஸ் பூட்டியாகிவிட்டது.

அப்புறம்தான் என்னிடம் வருவார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான். "இந்த எக்செலை அப்படியே போன்ல வர்ற மாதிரி பண்ணித் தர முடியுமா?"

முடியும். ஆனால் அந்த 'அப்படியே'வை மட்டும் கொஞ்சம் பேசித் தீர்க்க வேண்டும். ஏனென்றால் போனுக்குப் போக வேண்டியது உள்ளே இருக்கிற விவரம், ஃபைல் இல்லை. இந்த ஒரு வித்தியாசம் மனதில் உட்கார்ந்துவிட்டால் கிளவுட், ஏபிஐ, சர்வர் எல்லாம் தானாகவே புரிந்துவிடும்.

பழைய மண்டிகளில் பேரேடு இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். எக்செல் ஃபைல் என்பது அந்தப் பேரேடு மாதிரி. ஒருவர் எடுத்து மடியில் வைத்து எழுதும்போது இன்னொருவர் காத்திருக்க வேண்டும். அவசரம் என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு நகல் எடுத்து எழுதினால், மாலையில் எது உண்மை என்று யாருக்கும் தெரியாது. உங்கள் கணினியில் 'பாக்கி', 'பாக்கி புதுசு', 'பாக்கி கடைசி 2' என்று மூன்று ஃபைல் இருந்தால் நான் சொல்வது உங்களுக்கு ஏற்கெனவே புரிந்திருக்கும். சர்வர் என்பது பேரேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கணக்குப்பிள்ளை. புத்தகத்தை யார் கையிலும் கொடுக்க மாட்டார். யார் வந்து கேட்டாலும் அந்த ஒரு வரியைப் பார்த்துச் சொல்வார், யார் வந்து பணம் கட்டினாலும் அந்த ஒரு வரியில் எழுதிக்கொள்வார். பத்துப் பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் வரிசைப்படுத்தி எழுதுவார். கிளவுட் என்றால் அந்தக் கணக்குப்பிள்ளை ராத்திரி பகல் விழித்திருக்கிற ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அவரிடம் எப்படிக் கேட்க வேண்டும், என்னென்ன கேட்கலாம் என்ற ஒழுங்குக்குத்தான் ஏபிஐ என்று பெயர். போனில் இருக்கிற செயலி 'பா-017 எண் கடையின் பாக்கி எவ்வளவு' என்று கேட்கும், '4,350' என்று பதில் வரும். முழு ஃபைலும் போனுக்கு வருவதே இல்லை.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். ஆபீஸ் கணினியில் இருக்கிற ஃபைலை வெளியே இருந்து போன் ஏன் நேராகப் பார்க்க முடிவதில்லை? அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை. கணினியை அணைத்துவிட்டால் எதுவுமே இல்லை. அணைக்காவிட்டாலும் ஆபீஸ் ரூட்டர் வெளியிலிருந்து வருகிற அழைப்பை உள்ளே விடாது, விடவும் கூடாது. ஆக இரண்டு வழிதான். விவரத்தையே கிளவுடுக்கு ஏற்றிவிடுவது ஒன்று. விவரம் ஆபீஸிலேயே இருக்க, உள்ளே ஒரு 'கேட்வே' மென்பொருளை ஓடவிட்டு அது வெளியே கிளவுடோடு தொடர்பு வைத்துக்கொள்வது இன்னொன்று. மைக்ரோசாஃப்டின் கேட்வே இப்படித்தான் வேலை செய்கிறது. தொடர்பு உள்ளேயிருந்து வெளியே போவதால் ரூட்டரில் கதவு எதையும் திறந்துவைக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்வே ஓடுகிற கணினி எப்போதும் ஆனில் இருக்க வேண்டும். மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் போகிற ஊரில் சின்ன ஏஜென்சிக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

சரி, எக்செலிலிருந்து ஆரம்பிப்போம். செயலி வாங்குவதற்கு முன்னால், யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால், ஷீட்டைத் திறந்து பாருங்கள். மேலே இரண்டு மூன்று செல்லை இணைத்து ஏஜென்சி பெயர் பெரிதாக இருக்கும். நடுவில் 'மார்ச் மொத்தம்' என்று ஒரு வரி. கொடுத்து முடித்த கடைகளுக்கு மஞ்சள் நிறம், இழுத்தடிப்பவர்களுக்குச் சிவப்பு. மனிதக் கண்ணுக்கு இது அருமையான ஷீட். செயலிக்கு இதில் பாதி தெரியாது. அதற்கு மஞ்சள் என்றால் ஒன்றுமே இல்லை. 'நிலை' என்று ஒரு நெடுவரிசை போட்டு அதில் 'கொடுத்தாச்சு' என்று எழுதினால்தான் அதற்குப் புரியும். மொத்தம் எழுதிய வரியையும் அது ஒரு கடை என்றே எண்ணிக்கொள்ளும். ஆகவே முதல் வரிசையில் தலைப்புகள், அதற்குக் கீழே ஒரு வரிசைக்கு ஒரு கடை, நடுவில் வேறு எதுவும் கூடாது. அப்படி ஆக்கிவிட்டு கன்ட்ரோலையும் டி-யையும் சேர்த்து அழுத்தினால் எக்செல் அதை ஒரு 'டேபிள்' ஆக்கிவிடும். மைக்ரோசாஃப்ட் கருவிகளில் போன் செயலி உருவாக்குகிற பவர் ஆப்ஸானாலும் வேலைகளைத் தானாக ஓடவைக்கிற பவர் ஆட்டோமேட்டானாலும் எக்செலில் இப்படிப் பெயர் வைத்த டேபிளைத்தான் தேடும், சும்மா செல்லில் அடித்து வைத்ததை எடுக்காது.

அடுத்தது ஒவ்வொரு கடைக்கும் ஓர் எண். இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரே லைனில் மூன்று முருகன் ஸ்டோர்ஸ் இருக்கும், அதில் ஒன்றை ஒருநாள் 'முருகன் ஸ்டோர்' என்று அடித்திருப்பார்கள், இன்னொரு நாள் 'பஸ் ஸ்டாண்ட் முருகன்' என்று அடித்திருப்பார்கள். அக்காவுக்கு எது யார் என்று தெரியும், செயலிக்குத் தெரியாது. ஷீட்டின் ஓரத்தில் இருக்கிற 1, 2, 3 எண்ணையும் நம்பக் கூடாது, ஒருமுறை அகர வரிசைப்படி அடுக்கினாலே எல்லாம் இடம் மாறிவிடும். பா-001, பா-002 என்று நீங்களே ஒரு நெடுவரிசையில் எண் கொடுத்து, அதை எக்காலத்திலும் மாற்றாமல், மூடிய கடையின் எண்ணை வேறு கடைக்குக் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டும். தரவுத்தளக்காரர்கள் இதைத்தான் 'கீ' என்கிறார்கள். போனிலிருந்து ஒரு தொகை வந்தால் எந்த வரியில் எழுத வேண்டும் என்று சொல்வது இந்த எண் ஒன்றுதான்.

செல்லுக்குள் இருப்பதையும் பார்க்க வேண்டும். எக்செல் எண் மாதிரி தெரிகிற எதையும் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். 0-வில் தொடங்குகிற போன் எண்ணை அடித்தால் முன்னால் இருக்கிற பூஜ்யத்தைத் தின்றுவிடும். இலங்கையில் 07 என்று தொடங்கும் எண்களை வைத்திருப்பவர்களுக்கு இது தினசரித் தொல்லை. 12 இலக்க ஆதார் எண்ணை அடித்தால் நடுவில் புள்ளி போட்டுச் சுருக்கிக் காட்டும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் இன்னும் மோசம், 16-வது இலக்கத்தைப் பூஜ்யமாகவே மாற்றிவிடும், திரும்பக் கிடைக்காது. கணக்குப் போட வேண்டாத எண் எதுவானாலும் அந்த நெடுவரிசையை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு அப்புறம் அடியுங்கள். தேதியும் அப்படித்தான். 05/04 என்றால் நமக்கு ஏப்ரல் ஐந்து, அமெரிக்க அமைப்பில் இருக்கிற கணினிக்கு மே நான்கு. எக்செல் உள்ளே தேதியை ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கிறது (2024 ஏப்ரல் 5 என்றால் 45387). ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும்போது 2024-04-05 என்று வருடத்தை முன்னால் வைத்து அனுப்பினால் யாருக்கும் குழப்பமில்லை.

தமிழில் கடைப் பெயர்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பழைய ஃபைல்கள் நிறைய பாமினி மாதிரியான எழுத்துருக்களில் அடித்தவை. கணினியில் அழகாக 'முருகன்' என்று தெரியும், போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ வரும். எழுத்துரு தமிழாகக் காட்டியதே தவிர செல்லுக்குள் இருந்தது ஆரம்பம் முதலே அந்த ஆங்கில எழுத்துகள்தான். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றாமல் இதைப் போனுக்குக் கொண்டுபோகவே முடியாது. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு ஆளை உட்கார வைத்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் ஆனபிறகு இணைப்பது உண்மையில் சுலபம். பணமே செலவழிக்காமல் பார்க்க வேண்டுமென்றால் கூகுள் ஷீட்ஸில் ஏற்றி, ஆர்டர் எடுக்க ஒரு கூகுள் ஃபார்ம் போட்டு, அந்த லிங்கை லைன் பையன்களுக்கு அனுப்புங்கள். அவர்கள் கடையைத் தேர்ந்தெடுத்து, எண்ணிக்கை போட்டு அனுப்பியதும் ஆபீஸ் ஷீட்டில் ஒரு புது வரிசை விழும். ஃபார்மில் கடைப் பெயரை அடிக்க விடாதீர்கள், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். அதற்கு அடுத்த படி ஆப்ஷீட். 2020-இல் கூகுள் வாங்கிய நிறுவனம் அது. ஷீட்டைக் காட்டினால் நிரல் எழுதாமலே போன் செயலி உருவாக்கித் தரும். சிக்னல் இல்லாத இடத்திலும் ஆர்டரைப் போனிலேயே வைத்திருந்து, சிக்னல் வந்ததும் அனுப்பிவிடும். மலையடிவாரக் கிராமங்களுக்குப் போகிற லைனுக்கு இது பெரிய உதவி. மைக்ரோசாஃப்ட் பக்கம் இருப்பவர்கள் ஃபைலை மைக்ரோசாஃப்டின் கிளவுட் இடங்களான ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்டிலோ வைத்துவிட்டு பவர் ஆப்ஸில் இதே மாதிரி செய்யலாம்.

ஆனால் பவர் ஆப்ஸில் ஒரு இடத்தில் எல்லோரும் விழுவார்கள். எக்செல் வெறும் ஃபைல், அதற்குத் தானாகத் தேடித் தரத் தெரியாது. அதனால் பல நேரங்களில் செயலி முதலில் சில வரிசைகளை வாங்கிக்கொண்டு அதற்குள்தான் தேடும். இயல்பாக அந்த அளவு 500, நீங்கள் மாற்றினாலும் அதிகபட்சம் 2,000. உங்களிடம் 2,600 கடை இருந்தால் கடைசி 600 கடை இல்லாத மாதிரியே இருக்கும். பயன்படுத்துகிற பையனுக்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது. 50 வரிசையில் சோதித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், ஒரு வருடம் கழித்து ஆர்டர் வரலாறு காணவில்லை என்று தேடுவார்கள்.

இப்படிச் சத்தமில்லாமல் தொலைவதுதான் இணைப்பு வேலையில் நான் மிகவும் பயப்படுகிற விஷயம். 2020-இல் இங்கிலாந்தில் இதற்குப் பெரிய உதாரணம் நடந்தது. கோவிட் பரிசோதனை முடிவுகள் ஆய்வகங்களிலிருந்து சாதாரண உரைக் கோப்பாக வந்தன, பொதுச் சுகாதாரத் துறை அவற்றை எக்செலின் பழைய வடிவத்தில் ஏற்றியது. பழைய வடிவத்தில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை, எக்செல் 2007-இல் வந்த வடிவத்தில்தான் அது 10,48,576. இடம் தீர்ந்ததும் மீதி விடுபட்டுப்போனது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேரவில்லை, அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் தாமதமானது. ஆய்வகம் அனுப்பியதில் தவறில்லை, வாங்கிய இடத்திலும் யாரும் அழிக்கவில்லை. நடுவில் இருந்த இணைப்பில் போய்விட்டது. அதனால் நான் எந்த இணைப்பு போட்டாலும் 'அங்கே எத்தனை வரிசை, இங்கே எத்தனை வரிசை' என்று தினமும் ஒருமுறை எண்ணிப் பார்க்கிற ஏற்பாட்டையும் சேர்த்தே போடுவேன்.

இப்போது அக்சஸ். 1992-இல் வந்த மென்பொருள், இன்றும் எத்தனையோ ஆபீஸ்கள் இதில்தான் ஓடுகின்றன, அதைத் தூக்கிப் போடச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பத்து வருடமாக அக்கா கண்ணை மூடிக்கொண்டு பில் போடுகிற ஃபார்ம் அது. ஆனால் அக்சஸுக்குப் போன் செயலி கிடையாது. 2013 பதிப்பில் இணையத்தில் ஓடுகிற அக்சஸ் செயலிகள் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், 2018-இல் ஷேர்பாயின்ட் ஆன்லைனில் அதை நிறுத்தியும் விட்டார்கள். ஃபைல் 2 ஜிபிக்கு மேல் வளராது.

அக்சஸில் அழகு என்னவென்றால், அது உண்மையில் இரண்டு பொருள். விவரம் இருக்கிற டேபிள்கள் ஒன்று, நாம் பார்த்து வேலை செய்கிற ஃபார்ம், ரிப்போர்ட்கள் இன்னொன்று. இரண்டையும் பிரிக்கலாம். டேபிள்களை மட்டும் கிளவுடில் இருக்கிற எஸ்க்யூஎல் சர்வர் என்ற மைக்ரோசாஃப்ட் தரவுத்தளத்துக்கு ஏற்றிவிட்டு (இதற்கென்றே மைக்ரோசாஃப்ட் இலவசமாக ஒரு இடமாற்றக் கருவி தருகிறது), அக்சஸுக்குள் அதே பெயரில் இணைப்பு டேபிளாக வைக்கலாம். இந்த இணைப்புக்குப் பாலமாக இருப்பது ஓடிபிசி. எந்த மென்பொருளும் எந்தத் தரவுத்தளத்தோடும் பேசுவதற்கான பொது ஏற்பாடு அது. அக்சஸ் மாதிரியே இருக்கிற இலவச லிபர்ஆபீஸ் பேஸில் கணக்கு வைத்திருப்பவர்களும் இதே வழியில் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளங்கள் பக்கம் போகலாம். மறுநாள் காலை அக்கா வந்து அதே ஃபார்மைத் திறப்பார், அதே பொத்தானை அழுத்துவார், பில் அச்சாகும். அவர் அடித்தது இப்போது சர்வரில் இருக்கும், போன் செயலியும் அதே இடத்தைத்தான் படிக்கும். கொஞ்சம் வேகம் குறையும், அதற்கு மொத்த டேபிளையும் இழுக்காமல் தேவையான கடையை மட்டும் கேட்கிற மாதிரி குவெரிகளை (விவரம் கேட்கிற கட்டளைகளை) திருத்த வேண்டும்.

இதற்குச் செலவாகுமே என்று சிலர் ஒரு குறுக்கு வழி பிடிப்பார்கள். அக்சஸ் ஃபைலை அப்படியே கிளவுடோடு தானாக சிங்க் ஆகிற போல்டரில் போட்டுவிடுவார்கள். நான் போய் நின்ற ஓர் ஆபீஸில் இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் அப்படித் திறந்து பில் போட்டிருந்தார்கள். சிங்க் மென்பொருளுக்கு உள்ளே இருக்கிற வரிசைகள் தெரியாது, மொத்த ஃபைல்தான் தெரியும். இரண்டு ஃபைலும் மாறியிருக்கிறதே என்று ஒன்றின் பெயரோடு கணினியின் பெயரை ஒட்டி ஓரமாக வைத்துவிட்டது. மதியத்துக்குப் பிறகு போட்ட பில் எல்லாம் அந்த ஓர ஃபைலில். எண்களும் மோதின, இரண்டு கடைக்கு ஒரே பில் எண். அச்சடித்த நகல்களை எடுத்து வைத்துக்கொண்டு இரவு பதினோரு மணி வரை உட்கார்ந்து சேர்த்தோம். தயவுசெய்து அக்சஸ் ஃபைலை சிங்க் போல்டரில் ஓடவிடாதீர்கள். இரவில் மூடிய பிறகு ஒரு நகல் எடுத்து அங்கே வைப்பது நல்ல பழக்கம், அது வேறு.

இப்படி டேபிள்களை மேலே ஏற்றிய பிறகு எக்செலின் வேலை மாறும். அதைத் தூக்கிப் போட வேண்டாம். முதலாளிக்கு மாத விற்பனையை லைன் வாரியாகப் பார்க்க எக்செலை விட நல்ல கருவி எனக்குத் தெரியாது. 'டேட்டா' பக்கத்தில் இருக்கிற பவர் குவெரி வழியாக சர்வரிலிருந்து விவரத்தை இழுத்துக்கொள்ளலாம், ரிஃப்ரெஷ் அழுத்தினால் புதிது வரும். அங்கே அவர் எதையாவது அழித்தாலும் மூலம் அப்படியே இருக்கும். வைத்திருப்பது தரவுத்தளம், பார்ப்பது எக்செல், எழுதி அனுப்புவது போன் என்று பிரித்துக்கொண்டால் ஆபீஸில் பாதிச் சண்டை குறையும்.

யார் எதைப் பார்க்கலாம் என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். கொள்முதல் விலை லைன் பையனின் போனுக்குப் போகவே கூடாது. நெடுவரிசையை மறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், மறைத்ததைத் திறக்க இரண்டு கிளிக் போதும். அவர்களுக்கான டேபிளிலேயே அது இருக்கக் கூடாது. 'லிங்க் இருக்கிற யார் வேண்டுமானாலும்' என்று பகிர்ந்த ஷீட் வாட்ஸ்அப்பில் எங்கே வேண்டுமானாலும் போகும், ஆளுக்கொரு லாகின் கொடுங்கள், வேலையை விட்டுப் போகிற அன்றே அதை நிறுத்துங்கள். அப்புறம் இது முக்கியம்: கிளவுட் கணக்கு ஏஜென்சியின் பெயரில் இருக்கட்டும். கணினி தெரிந்த பையன் தன் சொந்த ஜிமெயிலில் எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிட்டு, அவன் துபாய் போனபிறகு யாராலும் உள்ளே நுழைய முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் தயாரானாலும் ஒரே நாளில் நோட்டை நிறுத்த வேண்டாம். ஒரு லைனை மட்டும் எடுத்து இரண்டு வாரம் நோட்டிலும் எழுதட்டும், செயலியிலும் போடட்டும், தினமும் இரவு இரண்டையும் ஒப்பிடுங்கள். ஓர் ஏஜென்சியில் அப்படிப் பார்த்தபோது நான்காம் நாள் செயலியில் ஒரு கடைக்கு மட்டும் 24 சோப்பு கூடுதலாக இருந்தது. நோட்டில் ஒரு முறைதான். பையனைக் கேட்டால், சிக்னல் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்ததால் பொத்தானை மறுபடி அழுத்தினேன் அண்ணா என்றான். முதல் முறை அழுத்தியதே போய்ச் சேர்ந்திருக்கிறது, பதில்தான் திரும்பி வரவில்லை. கடைக்கு எண் கொடுத்திருந்தோம், ஆர்டருக்குக் கொடுக்கவில்லை. ஆர்டர் பக்கத்தைத் திறந்த உடனே போனிலேயே ஒரு எண் உருவாகி, அந்த எண்ணோடுதான் போக வேண்டும், சர்வரில் அதே எண் இரண்டாவது முறை வந்தால் ஏற்கக் கூடாது என்று மாற்றினோம். இப்போது அவன் எத்தனை முறை அழுத்தினாலும் ஓர் ஆர்டர்தான்.